மூன்றாம் தொட்டியின் ஒயின்

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி பகல், கோக்சாய் ஒயினாலையில் இருந்தவர்கள்:

யெர்மெக். ஆலையின் உரிமையாளர், ஒயின் தயாரிப்பவரும் அவரே. சாப்பாட்டு மேசையில் விருந்தினர்களுடன் இருந்தார்.

ஹுர்னிசா. விருந்தினர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டுபவர். அதே மேசையில் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பாத்தம். சமையல்காரர், இறந்தவரின் மனைவி. அடுப்படியில் இருந்தார்.

அல்மாட்டி நகரத்திலிருந்து வந்த விருந்தினர்கள் பதினொரு பேர்.

சாவுத். நிலவறைத் தொழிலாளி, வயது நாற்பத்தாறு. இறந்தவர்.

விசாரணைக் குழு எழுதிய அறிக்கையின் முதல் பக்கம் இது. இரண்டாம் பக்கத்தில் நடந்தது என்னவென்று நான்கு வரிகள் இருந்தன. மூன்று வரிகள் உண்மை. நான்காவது வரி, நிலவறையின் மின்விசிறியை இறந்தவர் தாமே நிறுத்தியிருந்தார் என்றது. அதற்குக் கீழே ஹுர்னிசாவின் கையெழுத்து இருந்தது.

கோக்சாயில் திராட்சைச்சாறு நொதிப்பது நிலத்துக்கு அடியில். பதினெட்டுப் படி இறங்கினால் நான்கு சிமெண்டுத் தொட்டிகள். மேலே வெயில் மண்டையைப் பிளந்தாலும் கீழே போர்வை கேட்கும். குளிரூட்டும் இயந்திரமே வேண்டாம் என்பது யெர்மெக்கின் பெருமை. அவருடைய தோட்டத்துக்குள் மருந்து வராது, மூட்டை உரம் வராது. களையை ஆடு தின்னும், பிழிந்துபோட்ட தோலையும் ஆடு தின்னும், ஆட்டெரு திரும்பக் கொடிக்கே போகும். இதைக் கேட்பதற்கென்றே நகரத்திலிருந்து வேன் பிடித்து வருவார்கள். வந்தவர்களுக்கு உறுத்தியது, நிலவறைக் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியின் இரைச்சல் ஒன்றுதான். "இயற்கை இயற்கைங்கறீங்க, கீழ டிராக்டர் ஓட்டுறீங்களே?" என்று ஒருத்தர் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யெர்மெக் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். விருந்தினர் இறங்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், அவர்கள் மேலே ஏறியதும் போட வேண்டும். இரண்டும் ஹுர்னிசாவின் வேலை. சுவிட்ச் கீழே, மூன்றாம் தொட்டியை ஒட்டிய சுவரில் இருந்தது.

நொதிக்கிற சாறு விடும் காற்று கனமானது. தண்ணீர் மாதிரித் தரையோடு தேங்கும். அதில் தலை முங்கினால் இரண்டு மூச்சுக்கு மேல் தாங்காது. அதனால் நீளக் கம்பி ஒன்றில் மெழுகுவத்தியைச் செருகிப் படிக்கட்டின் தலைப்பில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். இறங்குகிறவர் அதை முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டே இறங்குவார். அணைந்தால் திரும்பி ஓடிவர வேண்டும். ஹுர்னிசா அதை ஒரு வேடிக்கையாக மாற்றியிருந்தாள். தொட்டி விளிம்புக்கு மேலே கம்பியை நீட்டுவாள், சுடர் பட்டென்று அணையும், விருந்தினர்கள் கைதட்டுவார்கள்.

"வந்துட்டாய்யா சர்க்கஸ்காரி" என்பார் சாவுத். அன்றைக்கும் சொன்னார். தொட்டிச் சாற்றில் மிதக்கிற திராட்சைத் தோலை மரத்துடுப்பால் அமுக்கிவிட்டு, முழங்கைவரை சிவப்பாக மேலேறி வந்துகொண்டிருந்தார்.

"வித்தை முடிஞ்சதும் மெழுகுவத்திய ஆணியில மாட்டிரு தாயீ. போன வாரம் கேக்குல குத்தி வச்சிருந்தே."

"அது அந்தம்மாவுக்குப் பொறந்தநாளுண்ணே."

"அப்ப எனக்கு ஒரு துண்டு வரணுமா இல்லையா? மெழுகுவத்தி என்னோடது."

விருந்தினர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மா மூன்றாம் தொட்டியருகே நின்றபோது தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தாள். வயசாகிவிட்டது என்று அவளே சொல்லிக்கொண்டாள். அது வயசு இல்லை, காற்று. ஹுர்னிசாவுக்கு அது தெரியும். ஒரு கையில் அந்த அம்மாவையும் மறு கையில் கம்பியையும் பிடித்துக்கொண்டு படியேறினாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், தலைத்துணியால் விசிறினாள். அதற்குள் கறிக்குழம்பு ஊற்றிய லக்மான் நூடுல்ஸ் தட்டுகள் வந்துவிட்டன. யெர்மெக் முதல் புட்டியைத் திறந்து, "ஹுர்னிசா, எங்க போனே?" என்று கூப்பிட்டார். அவள் போய் ஊற்ற ஆரம்பித்தாள். மின்விசிறி அவள் நினைவுக்கே வரவில்லை. இரண்டு வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் மறந்தாள்.

இரண்டு மணிக்கு சாவுத் அடுப்படியில் சாப்பிட்டார். இன்றைக்குக் காரம் தூக்கல் என்று மனைவியிடம் குறை சொல்லிவிட்டு எழுந்து போனார். தோலை ஒரு நாளைக்கு நான்கு தடவை அமுக்கவேண்டும். விட்டால் காடியாகிவிடும். படியின் தலைப்பில் மெழுகுவத்தி இல்லை. கீழே சத்தமும் இல்லை. மின்விசிறி நின்றிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மேலே பதினொரு பேர் பாட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

மூன்றரை மணிக்குப் பாத்தம் ஒரு கீற்று முலாம்பழத்தோடு அவரைத் தேடிப் போனாள். பாதிப் படியில் நின்றே பார்த்தாள்: அவர் சுவிட்சுக்கு இரண்டு முழம் தள்ளி, கையை நீட்டியபடி குப்புறக் கிடந்தார். விழும்போது சாறு நிறைந்த வாளி ஒன்றைத் தள்ளிவிட்டிருந்தார். அது முழுக்க அவர் மேலேயே கொட்டியிருந்தது.

விசாரணைக்கு வந்தவர் யெர்மெக்கின் அறையில் உட்கார்ந்து கேட்டார்: "ஃபேனை யாரு நிறுத்துனது?"

ஹுர்னிசா வாயைத் திறந்தாள். யெர்மெக் முந்திக்கொண்டார். "நிலவறை முழுக்க சாவுத்தோட பொறுப்புங்க. ஃபேனு, மெழுகுவத்தி எல்லாம் அவருதான் பாத்துக்குவாரு."

"அப்படியாம்மா?"

"ஆமா" என்றாள் ஹுர்னிசா. கையெழுத்தும் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவளை மிரட்டவில்லை.

உடலைக் குளிப்பாட்டியவர்கள் மூன்று தண்ணீர் ஊற்றியும் ஒயின் வாடை போகவில்லை. வெளியே வந்து கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள். கோக்சாயில் பாதி ஆண்கள் குடிக்கிறவர்கள்தான், அது யாருக்கும் பெரிய விஷயமில்லை. ஆனால் செத்தவன் நாறக்கூடாது. மாலைக்குள் ஊர் முடிவு செய்துவிட்டது: சாவுத் குடித்துவிட்டு விழுந்து செத்தான். ரத்தத்தில் மது இல்லை என்று மருத்துவமனைக் காகிதம் சொன்னது. காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். உண்மையில் சாவுத் பதினேழு வருடமாக ஒயினை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியே பழகியவர். ஒரு மிடறு தொண்டையில் இறங்கவிட்டதில்லை.

அடக்கத்துக்கு முன்னால் உடலை நடுவில் வைத்துக்கொண்டு இமாம் கூட்டத்தைப் பார்த்து மூன்று தடவை கேட்பார்: இவர் எப்படிப்பட்ட மனிதர்? கூட்டம் ஒரே குரலில், நல்ல மனிதர் என்று சொல்லவேண்டும். ஊரில் திருடியவனுக்குக்கூட அதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். சாவுத்துக்கு முதல் தடவை பத்துப் பேர் சொன்னார்கள். இரண்டாம் தடவை நான்கைந்து குரல். மூன்றாம் தடவை அவருடைய அண்ணன் தோக்தி மட்டும் சொன்னார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. பெண்கள் அங்கே போவதில்லை. பாத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அறுபது பேருக்கு அரிசி போட்டாள். பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

ஹுர்னிசாவை ஒயினாலையில் சேர்த்துவிட்டதே பாத்தம்தான். புருஷனை விட்டுவிட்டு ஒரு பையோடு ஊர் திரும்பியவளை, "வாய் நல்லா பேசுறா, வச்சுக்கோங்க" என்று யெர்மெக்கிடம் கூட்டிப்போனவள். சாவுத் போனபின் பாத்தம் வேலைக்கு வரவில்லை. ஹுர்னிசா வாராவாரம் அவள் வீட்டுக்குப் போய்வந்தாள். விறகு அடுக்கிக் கொடுத்தாள். நவம்பரில் வீட்டுப் பின்னாலிருந்த நாலு வரிசைக் கொடிகளைப் படுக்கவைத்து, குளிர் தாக்காமல் மண் போட்டு மூடினாள். ஏப்ரலில் தோண்டி எடுத்துக் கட்டினாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவாள். பாத்தம் பால் டீயை வைத்து, "நீ ஒருத்திதான்டி வர்ற" என்பாள். ஹுர்னிசா டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

மறு செப்டம்பரில் மூன்றாம் தொட்டியின் ஒயின் முதன்முதலாக மேசைக்கு வந்தது. யெர்மெக் அதற்குப் பெரிய ஏற்பாடு செய்திருந்தார். அன்றைக்கு எட்டு விருந்தினர்கள். முதலில் வெள்ளை ஒயினும் சமோசா மாதிரி சுட்ட கறி பன்னும், அடுத்து ஆட்டு ஈரல் வறுவல். அதோடுதான் அந்தச் சிவப்பு. புட்டியின் மேல் கறுப்பு எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை அச்சடித்திருந்தது: சாவுத்.

ஹுர்னிசா அதைக் காலையில்தான் பார்த்தாள்.

"என்னண்ணே இது?"

"மரியாதைக்குத்தான். அவரு கை பட்ட கடைசி ஒயினு. விருந்தாளிங்களுக்கு நீயே சொல்லு, நல்லா வரும் உனக்கு."

அவர் கிண்டல் செய்யவில்லை. கண் கலங்கியிருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

அவள் சொன்னாள். இந்தத் தொட்டியைக் கவனித்தவர் இப்போது உயிரோடில்லை என்றாள். கண்ணாடி போட்ட ஒருவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தொட்டிக்குள்ளயா விழுந்தாரு?" என்று கேட்டார். இல்லை, வெளியே என்றாள். "அப்ப சரி" என்று அவர் குடித்தார். அவர் மனைவி அவரைத் தொடையில் கிள்ளினாள். பிறகு அந்த அம்மாளும் குடித்துவிட்டு, ஆறு புட்டி எடுத்துவைக்கச் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் பாத்தம் வாசலில் வந்து நின்றாள். ஒரு வருடத்தில் முதல் தடவை. யாரோ கைபேசியில் புட்டியின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். நடந்தே வந்திருந்தாள், கால்சராய் விளிம்பெல்லாம் புழுதி.

யெர்மெக் எழுந்து போனார். "வா தங்கச்சி, உள்ள வா. நானே உன்னைக் கூப்பிடணும்னுதான்..."

"அவரு பேரைக் கிழிங்க."

"கோவப்படாதம்மா. கௌரவப்படுத்தத்தான்..."

"குடிச்சுச் செத்தான்னு ஊரு சொல்லிக்கிட்டிருந்துச்சு. நீங்க அத அச்சடிச்சு ஒட்டியிருக்கீங்க. வர்ற வெள்ளிக்கிழமை அவருக்கு வருஷச் சாப்பாடு. யாரு வருவா? நீங்க வருவீங்களா, இந்தப் புட்டிய எடுத்துக்கிட்டு?"

யெர்மெக் ஊர்க்காரர்தான், ஆனால் பல வருடம் நகரத்து ஆட்களோடு புழங்கியதில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. பாத்தம் அவரை விட்டுவிட்டு ஹுர்னிசாவைப் பார்த்தாள்.

"ஹுர்னிசா. நீ அன்னைக்கு இங்கதான இருந்தே. வெள்ளிக்கிழமை வந்து அவங்க அண்ணன் முன்னால சொல்றியா? அவரு குடிக்கலைன்னு. என் பேச்ச எவனும் நம்ப மாட்டேங்குறான், பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு போயிடுறானுங்க. நீ சொன்னா கேப்பாங்க. அது போதும் எனக்கு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"வர்றேன்க்கா."

பாத்தம் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கண்ணாடிக்காரர் அந்தப் பெண்மணி யார் என்று கேட்டார். யெர்மெக் அடுத்த புட்டியைத் திறந்தார்.

வியாழக்கிழமை எல்லாப் புட்டிகளிலிருந்தும் ஒட்டுக்காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினார்கள். யெர்மெக்கும் கூட உட்கார்ந்து சுரண்டினார். நடுவில் தலை நிமிராமல் சொன்னார்: "நாளைக்குப் போ. குடிக்கலைன்னு சொல்லு. சத்தியமான பேச்சு அது. ஆனா அதோட நிறுத்திக்க."

"ஃபேனைப் பத்திக் கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லு. இத்தனை பேரு இந்த ஆலைய நம்பித்தான் சாப்பிடுறோம். செத்தவரு திரும்பியா வரப்போறாரு?"

ஹுர்னிசா அடுத்த புட்டியை எடுத்துச் சுரண்டினாள். நகத்துக்கடியில் பசை ஏறி எரிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் கம்பளம் விரித்திருந்தது. பெரிய கொப்பரையில் ஆட்டுக்கறியும் கேரட்டும் போட்ட சோறு, நூறு பேருக்கு. ஹுர்னிசா எண்ணவில்லை என்றாலும் தெரிந்தது, இருபது பேர்கூட இல்லை. உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக் கிழவர்கள் இரண்டு பேர், இமாம். பெண்கள் உள்ளறையில். பாத்தம் ஹுர்னிசாவின் கையைப் பிடித்து ஆண்கள் இருந்த முற்றத்துக்கே கூட்டிவந்தாள். அது வழக்கமில்லை. ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

"தோக்தி அண்ணே. இவ கொஞ்சம் பேசணுமாம். கேளுங்க."

தோக்தி கறியை மென்றுகொண்டே தலையசைத்தார்.

"சாவுத் அண்ணன் அன்னைக்குக் குடிக்கலை" என்றாள் ஹுர்னிசா. குரல் நன்றாகவே வந்தது. கூட்டத்துக்குப் பேசித்தானே அவளுக்குப் பிழைப்பு. "அன்னைக்குன்னு இல்லை, எப்பவுமே குடிச்சதில்லை. வாயில வச்சுத் துப்புவாரு. விழும்போது வாளி சாஞ்சு மேல கொட்டிருச்சு. வாடை அதுதான். கவுந்து கிடந்த வாளிய நான் கண்ணால பாத்தேன்."

கிழவர்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். பாத்தம் கதவோரம் தட்டோடு நின்றிருந்தாள். ஒரு வருடமாக இறுகியிருந்த முகம் மெல்ல இளகியது.

அங்கேயே முடித்திருக்கலாம். தோக்தி கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா. குடிக்கலை. நல்லது. அப்ப ஃபேனை நிறுத்திட்டு, மெழுகுவத்தியும் இல்லாம எறங்கினானே, கிறுக்கனா அவன்? என் தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்லையே. பதினேழு வருஷம் எறங்கி ஏறினவன். குடிச்சாலொழிய ஏன் அப்படிச் செய்வான்? அதுக்குப் பதில் சொல்லு, நான் நம்புறேன்."

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. ஒரு வருடமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டார். இதற்குத் தெரியாது என்று சொன்னால், முதலில் சொன்னதும் போச்சு. ஹுர்னிசாவுக்கு அது நன்றாகப் புரிந்தது.

"அவரு நிறுத்தலைண்ணே. நான் நிறுத்தினேன்."

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"விருந்தாளிங்க வந்தா நிறுத்தணும், போனதும் போடணும். அது என் வேலை. அன்னைக்கு ஒரு அம்மாவுக்குத் தலை சுத்துச்சு, மேல கூட்டிட்டு வந்தேன். போட மறந்துட்டேன். மெழுகுவத்தியும் என் கையோட மேல வந்துருச்சு. அவரு ஃபேனைப் போடத்தான் எறங்கியிருக்காரு. விசாரணையில நான் மாத்திச் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்."

கொப்பரைக்குக் கீழே விறகு வெடித்தது. பாத்தம்தான் கேட்டாள், ரொம்பச் சாதாரணமான குரலில்:

"மெழுகுவத்திய எங்க வச்சே?"

"அடுப்படிச் சன்னல்லக்கா. தண்ணி எடுக்க வந்தப்ப."

"கம்பியோடயா?"

"ஆமா."

"நான் பாத்தேனே அத." பாத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாவு பிசையுற பலகைய இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எடுத்து ஓரமா சாத்தி வச்சேன். அவரு அங்கதான் உக்காந்து சாப்பிட்டாரு. அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு."

ஹுர்னிசாவுக்கு இது தெரியாது. ஒரு வருடமாகத் தான் ஒருத்தி சுமப்பதாக நினைத்திருந்ததில் பாதியை இந்த நிமிடத்தில் பாத்தத்தின் தலையில் ஏற்றியிருக்கிறாள். இனி அதை இறக்கிவைக்க ஊரில் யாராலும் முடியாது.

"அக்கா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், அது..."

"பேசாத."

தோக்தி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கிழவர்களில் ஒருவர், "அப்ப வேலை பாத்துக்கிட்டுத்தான் போயிருக்கான். கடவுளே. நல்ல மனுஷன்" என்றார். இன்னொருவர் எழுந்து செருப்பைத் தேடினார். "வராதவங்களப் போய்க் கூட்டிட்டு வர்றேன். சோறு ஆறுறதுக்குள்ள வரட்டும்" என்று வெளியே போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். பாத்தம் ஒரு வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"கெளம்பு" என்றாள் ஹுர்னிசாவிடம்.

ஹுர்னிசா அடி விழும் என்று நினைத்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாத்தம் கொப்பரைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் சோறு அள்ளி, மேலே ஒரு ரொட்டியை வைத்து, துணியில் முடிந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். வருஷச் சாப்பாட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. யாராக இருந்தாலும்.

இருவரும் முற்றத்தைத் தாண்டி நடந்தார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு. வெளியே தெருவில் மூன்று நான்கு பேர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள், பின்னால் இன்னும் சிலர்.

"வருஷம் பூரா வந்தியே" என்றாள் பாத்தம். "ஒவ்வொரு வாரமும் வந்தியே. அப்பச் சொல்லியிருந்தா நான் உன்னை அடிச்சிருப்பேன், வைஞ்சிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். இப்ப எனக்கு அழக்கூட வரலை பாத்தியா."

"அக்கா..."

"சோறு சூடா இருக்கு, அடியில பிடி."

ஹுர்னிசா கிண்ணத்தின் அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். தெருவில் வந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பாத்தம் அவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரவேற்று உள்ளே விட்டாள். கடைசி ஆள் போனதும் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளேயிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றும் சத்தம் கேட்டது.